இரண்டாவது லிட்டர்

திருடுபோன பொற்காசுகள் அத்தனையும் கிரேக்க எல்லைச் சுங்கச் சாவடியின் மேசைமேல் ஈரமாகக் கிடந்தன. அறை முழுக்க ராக்கியாப் பழச்சாராய நெடி. ஸ்டமாட்டிஸ் அதை இரண்டு மூச்சு இழுத்து அனுபவித்துவிட்டு, கோட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தான். அவனைப் பொறுத்தவரை கேஸ் முடிந்தாயிற்று.

"கிளம்பலாம் மேடம். அந்தப் பக்கம் ஓஹ்ரித் ஊர்ல டாக்டர் வீட்ல காணாமப் போன காசு, நாம நாயா அலைஞ்சு தேடின காசு, அதுவா வந்து பாட்டில்ல குளிச்சிட்டிருக்கு. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு போன் போட்டா வேலை முடிஞ்சது."

"போடு," என்றாள் எவாந்தியா. "காசு கிடைச்சிடுச்சுன்னு மட்டும் சொல்லு. திருடன் கிடைச்சான்னு சொல்லாத."

"திருடியே கிடைச்சாச்சே! பக்கத்து ரூம்ல உட்கார்ந்து அழுதுட்டிருக்கா."

எவாந்தியா கறுப்புக் கண்ணாடி பாட்டிலைத் தூக்கி, கழுத்தில் உடைந்திருந்த சிவப்பு மெழுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். துப்பறியும் தொழிலில் நரைத்துப்போனவள். சுலபமாகக் கிடைத்த எதன்மேலும் அவளுக்கு நம்பிக்கை வந்ததே கிடையாது. ஸ்டமாட்டிஸ் கதை வேறு. தெஸ்ஸலோனிக்கி விமான நிலையத்து டியூட்டி ஃப்ரீ கடையில் சென்ட் விற்றுக்கொண்டிருந்தவன். வாய்த்துடுக்கால் வேலையை இழந்து, அதே வாயை வைத்துக்கொண்டு எவாந்தியாவிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன்.

கதவைத் திறந்துகொண்டு தலைமைச் சுங்க அதிகாரி ஆர்கிரிஸ் வந்தார். அவருக்கு முன்னால் அவர் வாசனை வந்தது.

"ரோஜா ஒரு கையில, சந்தனம் ஒரு கையில," என்று ஸ்டமாட்டிஸ் மூக்கைத் தூக்கினான். "சார் பூக்கடையே வச்சிருக்கார் போல."

ஆர்கிரிஸ் அவனை ஒரு தூசியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு எவாந்தியாவிடம் திரும்பினார். "அரசு வக்கீல் டவுன்லேர்ந்து கிளம்பிட்டாங்க. வந்ததும் அந்தப் பொம்பளையை ஒப்படைச்சிடுவேன். எல்லைக்கு அந்தப் பக்கம் ஸ்கோப்யேலேர்ந்து பஸ்ல வந்தவ. ரோட்டு வழியா வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் சாராயம், ரெண்டு பாக்கெட் சிகரெட். அதுக்கு மேல இருந்தா வரி கட்டணும். இவ பையில ரெண்டு பாட்டில். எங்க ஆபீசரம்மா பையைத் தூக்கும்போது கண்ணாடி உரசுற சத்தம் கேட்டிருக்கு. ரெண்டாவதைத் திறந்து மோந்து பார்த்தா உள்ள கிணிகிணின்னு காசு."

"ஒத்துக்கிட்டாளா?"

"அத்தனை பேர் முன்னாடி. 'இந்த பாட்டில் உங்களுதா?'ன்னு கேட்டேன். 'நே'ன்னு சொன்னா. எழுதியும் வச்சாச்சு."

'நே' என்றால் கிரேக்க மொழியில் ஆமாம். வேறு என்ன வேண்டும்? ஸ்டமாட்டிஸ் கடைசிப் பொத்தானையும் போட்டான். எவாந்தியா மட்டும் பக்கத்து அறைக்கு நடந்தாள்.

லியூப்கா மரப் பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தெஸ்ஸலோனிக்கியில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைக் குளிப்பாட்டி, சோறூட்டிப் பிழைப்பவள். மாதம் ஒருமுறை ஸ்கோப்யே போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். அழுது முடித்திருந்தாள், இனி அழக் கண்ணில் தண்ணீர் இல்லை என்பதுபோல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பாட்டில் என்னுது மேடம். வாடகை வீட்டு ஓனருக்கு வாங்கினது. இன்னொண்ணு எப்படி வந்துச்சுன்னு கடவுள் சத்தியமா தெரியாது. எட்டு வருஷமா இந்தச் சாவடி வழியா போறேன், வர்றேன். ஒரு லிட்டருக்கு மேல ஒரு சொட்டு கொண்டுவந்ததில்ல. என் பெர்மிட்டைப் பிடுங்கிட்டா நான் அந்தப் பக்கம், என் பொண்ணு இந்தப் பக்கம். அவளுக்கு இங்க வேற யாரும் இல்ல. மத்தியானம் ஸ்கூல் விடும். நான் கேட்ல நிக்கலேன்னா அவ யார் கையைப் பிடிச்சிட்டு வீட்டுக்குப் போவா?"

ஸ்டமாட்டிஸுக்கு நெஞ்சு கொஞ்சம் கனத்தது. கனத்தால் அவனுக்குப் பிடிக்காது. "அப்புறம் எதுக்கும்மா ஆமான்னு சொல்லித் தொலைச்சே?"

"நான் எங்க ஆமான்னு சொன்னேன்?" லியூப்கா துள்ளி எழுந்தாள். "'நே'ன்னேன்! இல்லவே இல்லைன்னேன்! பாட்டில்லேர்ந்து தங்கம் கொட்டுது, பயந்துட்டேன். வாயில வந்தது என் பாஷைதான். எங்க ஊர்ல 'நே'ன்னா இல்லை!"

விஷயம் அவ்வளவுதான். எல்லைக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் 'நே' என்றால் ஆமாம். கம்பத்தைத் தாண்டி அந்தப் பக்கம் கால் வைத்தால் அதே 'நே' இல்லை என்று ஆகிவிடும்.

"கடவுள் குசும்புக்காரர்," என்று முணுமுணுத்தான் ஸ்டமாட்டிஸ். "ரெண்டு ஊரையும் பக்கத்துப் பக்கத்துல வச்சிட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையைக் குடுத்துட்டு வேடிக்கை பார்க்கிறார்."

வாசலில் நிழல் தட்டியது. ஆர்கிரிஸ் பின்னாலேயே வந்து கதவில் சாய்ந்து நின்றார். "நல்ல கதை. இவ கிரேக்கத்துல சண்டையே போடுவா மேடம். நான் கிரேக்கத்துல கேட்டேன். கிரேக்கத்துல பதில் வந்துச்சு."

எவாந்தியா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "லியூப்கா, உங்க பையை எத்தனை தடவை பார்த்தாங்க?"

"ரெண்டு தடவை. முதல்ல சார்தான் திறந்து பார்த்தார். அப்போ ஒரு பாட்டில்தான் இருந்துச்சு. 'இந்தப் பக்கம் முடிஞ்சது, தொடாதீங்க'ன்னு ஆபீசரம்மாகிட்ட சொல்லிட்டு, பையை மேசை ஓரமா தள்ளி வச்சார். நாங்க பாஸ்போர்ட் காட்டிட்டு வந்தப்புறம் அந்த அம்மா பையை எடுத்துக் குடுக்கும்போதுதான்..."

"நடுவுல மேசைகிட்ட யார் இருந்தாங்க?"

லியூப்கா வாயைத் திறந்தாள். கதவில் சாய்ந்திருந்தவரைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"கவனிக்கல மேடம்," என்றாள் மெதுவாக.

ஆர்கிரிஸ் போய்விட்டார். நடைவழியில் எவாந்தியா ஸ்டமாட்டிஸின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கேட்டுக்க. காசு வச்ச பாட்டிலோட ஒருத்தன் பஸ்ல வர்றான். இன்னைக்கு எல்லாப் பையையும் நோண்டுறாங்கன்னு தெரிஞ்சதும் பதறுறான். பாட்டிலை ஒளிக்க இந்தச் சாவடியிலேயே நல்ல இடம் எது?"

ஸ்டமாட்டிஸ் யோசித்தான். "பார்த்து முடிச்ச பை. அடச்சே!"

"எல்லையைத் தாண்டினப்புறம் பஸ்ல திரும்ப எடுத்துக்கலாம். ஆனா பார்த்து முடிச்சாச்சுன்னு ஆர்கிரிஸ் சொன்னது கிரேக்கத்துல. அது புரிஞ்சவன்தான் வச்சிருக்கணும்."

"புரிஞ்சவங்க ரெண்டே பேர்தான் மேடம். வரும்போதே விசாரிச்சிட்டேன். ஒண்ணு லியூப்கா. இன்னொண்ணு த்ராயன்கான்னு ஒரு அம்மா, நம்ம சந்தையில மிளகா விக்கிறவங்க. மத்தவங்க எல்லாம் கிரேக்கம் ஒரு எழுத்துகூடத் தெரியாதுன்னு சாதிக்கிறாங்க. சோதனை நேரத்துல பஸ்ஸை விட்டு இறங்காத டிரைவரைக் கூப்பிட்டுத்தான் மொழிபெயர்க்க வச்சேன்."

"கேன்டீன்ல காபி வாங்கு. எல்லாருக்கும் குடு. பேச்சுக் குடு. வக்கீல் வண்டி வர்றதுக்குள்ள திரும்பி வா."

"காபி யார் கணக்குல?"

அவள் பதில் சொல்லாததால் அவன் கணக்கில்தான் என்று புரிந்துகொண்டான்.

காத்திருப்புக் கூடத்தில் பஸ் ஜனங்கள் சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வர்தார் பள்ளத்தாக்குக் காற்று கண்ணாடி ஜன்னல்களை உலுக்கிக்கொண்டிருந்தது. லியூப்காவுக்கு நடந்தது தனக்கும் நடக்கலாம் என்ற பயம் எல்லா முகத்திலும் இருந்தது. ஸ்டமாட்டிஸ் தட்டோடு நுழைந்து, ஹீட்டருக்குப் பக்கத்தில் லெதர் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருந்த ஆளிடமிருந்து ஆரம்பித்தான்.

"காபி சாப்பிடறீங்களா?"

"நே," என்றான் அவன், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே. கோப்பையை வாங்கி ஒரு மடக்குக் குடித்தான்.

அடுத்தடுத்து இருந்தவர்களுக்கு ஸ்டமாட்டிஸின் கிரேக்கம் புரியவில்லை, கோப்பை புரிந்தது. "டா, டா" என்று வாங்கிக்கொண்டார்கள். தமிழ்க் காதுக்கு மரியாதைக் குறைவாக இருந்தாலும் அவர்கள் ஊரில் 'டா' என்றால் ஆமாம், அவ்வளவுதான். கடைசியில் பருத்த உடம்பும் பூப்போட்ட தலைத்துணியுமாக த்ராயன்கா இருந்தாள்.

"காபி?"

"நே."

ஸ்டமாட்டிஸ் கோப்பையை நீட்டினான். அவள் கையால் தள்ள, சூடான காபி அவன் பேன்ட்டில், படக்கூடாத இடத்துக்கு மிக அருகில் கொட்டியது.

"வேணாங்கிறேன், வாயில ஊத்த வர்றியே! காதுல என்ன பஞ்சா வச்சிருக்கே?" சந்தையில் பேரம் பேசிப் பழகிய கிரேக்கத்தில் பொரிந்தாள். "எனக்குப் பிரஷர் இருக்குடா!"

"தப்புதாம்மா. உங்க ஊர் 'நே'ன்னு மறந்துட்டேன்," என்று துடைத்துக்கொண்டே அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் காலடியில் இருந்த பை கலகலவென்றது. "எத்தனை லிட்டர்?"

"ஒண்ணு."

"சத்தம் அப்படிச் சொல்லலியே."

த்ராயன்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். "டேய் தம்பி, நீ போலீஸா?"

"போலீஸ்னா காபி கொடுப்பாங்களா?"

அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. "ஆளுக்கு ஒரு லிட்டர்னு சட்டம். என்கிட்ட ஆறு லிட்டர் இருக்கு. அதனால என் பங்கு போக அஞ்சு ஆள் பிடிப்பேன். ஒண்ணும் கொண்டுவராதவங்க இருப்பாங்கல்ல? 'சோதனை முடியற வரைக்கும் இதை உன்னுதுன்னு சொல்லு'ன்னு ஆளுக்கு ஒரு பாட்டில் குடுப்பேன். முடிஞ்சதும் வாங்கிக்குவேன். யாருக்கு என்ன நஷ்டம்? இந்த பஸ்ல எல்லாரும் பண்றதுதான்."

"லியூப்காகிட்டயும் குடுத்தீங்களா?"

"அவகிட்ட எதுக்குக் குடுப்பேன்? அவ பங்கு அவ பாட்டிலாலேயே நிரம்பிடுச்சே. கேட்டு மாட்டேன்னது ஒரே ஒருத்தன்தான். அதோ, அந்த ஜாக்கெட்டுக்காரன், சாஷ்கோ. முதல் தடவையா கிரீஸுக்கு வர்றானாம். 'என் லிட்டர் என்கிட்ட இருக்கு'ன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொன்னான். கஞ்சன்."

ஸ்டமாட்டிஸ் நனைந்த பேன்ட்டோடு ஓடினான். எவாந்தியா ஜன்னலோரம் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிளகாக்காரிதான் மேடம்! ஆறு பாட்டில் வச்சிருக்கா. கிரேக்கம் தெரியும். ஊரையே பாட்டில் சுமக்க வைக்கிறா. லியூப்கா பையில ஒண்ணைத் தள்ளிவிட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? என் பேன்ட்டையும் நாசம் பண்ணிட்டா. நான் அவளை மன்னிக்கத் தயாரா இல்ல."

"நடந்ததை அப்படியே சொல்லு. காபியிலிருந்து."

சொன்னான். ஜாக்கெட்டுக்காரன், மற்றவர்கள், த்ராயன்கா, கொட்டிய காபி, ஆறு லிட்டர், கஞ்சன் சாஷ்கோ. எவாந்தியா கையை உயர்த்தினாள்.

"'என் லிட்டர் என்கிட்ட இருக்கு'ன்னு சொன்னானா?"

"ஆமா."

"சோதனையில அவன் பையில எத்தனை பாட்டில் இருந்துச்சு?"

ஸ்டமாட்டிஸ் எதிர்ப்பட்ட பெண் அதிகாரியிடம் கேட்டுவிட்டு வந்தான். வந்தவன் நடை தளர்ந்திருந்தது. "ஒண்ணுமே இல்லியாம் மேடம். ஒரு சிகரெட்கூட இல்ல. பஸ்லயே சுத்தமான பை அவனுதுதானாம். ஆனா அவனுக்குத்தான் கிரேக்கம் தெரியாதே!"

"காபி வேணுமான்னு கேட்டதுக்கு என்ன சொன்னான்?"

"'நே'ன்னான்."

"சொல்லிட்டு?"

"வாங்கிக் குடிச்சான்."

"எந்த ஊர் 'நே', ஸ்டமாட்டிஸ்?"

ஸ்டமாட்டிஸ் கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். த்ராயன்காவின் 'நே'க்குக் காபி வேண்டாம் என்று அர்த்தம்; அதனால் தள்ளினாள். சாஷ்கோவின் 'நே' கோப்பையை வாங்கியது. கிரேக்கம் ஒரு எழுத்துகூடத் தெரியாதவன், யோசிக்காமல் கிரேக்கத்தில் ஆமாம் சொல்லியிருக்கிறான். ஸ்டமாட்டிஸ் கிரேக்கன். அதனாலேயே அந்த 'நே' அவன் காதில் உறுத்தவில்லை.

ஜன்னலுக்கு வெளியே, தூரத்து வளைவில் ஒரு நீல விளக்கு சுழன்றுகொண்டு வந்தது.

"வக்கீல் வண்டி," என்றான். "ஒரு 'நே'யை வச்சுக்கிட்டு அவனை உள்ள தள்ள முடியாது மேடம். தும்மல்னு சொல்லிடுவான்."

"தெரியும். என்கூட வா. நான் என்ன சொன்னாலும் சிரிக்காத."

கூடத்துக்குள் இருவரும் சாதாரணமாக நுழைந்தார்கள். ஆர்கிரிஸும் பெண் அதிகாரியும் பின்னால் வந்தார்கள். எவாந்தியா சாஷ்கோவின் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தபடி, ஸ்டமாட்டிஸிடம் வீட்டுக் கதை பேசுகிற குரலில், வேகமான கிரேக்கத்தில் சொன்னாள்.

"பாட்டிலைத் தூக்கிவச்சவன் நல்ல முட்டாள். சிவப்பு மெழுகு இன்னும் அவன் ஜாக்கெட் கையிலேயே ஒட்டியிருக்கு, பாரு."

லெதர் ஜாக்கெட் போட்டிருந்தவன் சட்டென்று தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான்.

கையில் ஒன்றும் இல்லை. மெழுகு ஒரு பொட்டுகூட இல்லை. அவன் தலையை நிமிர்த்தியபோது நான்கு ஜோடிக் கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. கூடத்தில் வேறு ஒருவரும் தம் கையைப் பார்க்கவில்லை. ஒருவருக்கும் அந்தப் பேச்சு புரியவில்லை. புரிந்த த்ராயன்காவிடம் ஜாக்கெட் இல்லை.

"கிரேக்கம் நல்லாவே புரியுதே, சாஷ்கோ," என்றாள் எவாந்தியா.

அவன் எழுந்து கதவை நோக்கிப் பாய்ந்தான். த்ராயன்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே பருத்த காலை நீட்டினாள். அவன் குப்புற விழுந்தான். அவன்மேல் காபித் தட்டோடு ஸ்டமாட்டிஸ் விழுந்தான். பாய்ந்து பிடித்ததாகத்தான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னான். பெண் அதிகாரி விலங்கு மாட்டியபோது, தெஸ்ஸலோனிக்கித் துறைமுகப் பேட்டைக்காரன் மட்டுமே திட்டக்கூடிய கெட்ட வார்த்தைகளில், பிசிறில்லாத கிரேக்கத்தில் அவன் திட்டித் தீர்த்தான்.

"எனக்கு இவன்மேல முதல்லேர்ந்தே ஒரு சந்தேகம்," என்றார் ஆர்கிரிஸ்.

எவாந்தியா இப்போதுதான் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "இந்தச் சாவடியில எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பதினொண்ணு."

"பதினொரு வருஷமா தினம் பஸ் பஸ்ஸா 'நே' கேட்டிருக்கீங்க. சீஸ் இருக்கான்னு கேட்டா 'நே', கறி இருக்கான்னு கேட்டா 'நே'. ஒருத்தரையாவது அந்த வார்த்தைக்காகப் பிடிச்சீங்களா? இன்னைக்கு மட்டும் அது உங்களுக்கு ஏன் ஆமாவாச்சு?"

ஆர்கிரிஸின் முகம் வெளுத்தது. "என்ன சொல்ல வர்றீங்க?"

"நான் சொல்றேன் சார்," என்றான் ஸ்டமாட்டிஸ், தரையிலிருந்து எழுந்துகொண்டே. "சென்ட் விக்கிறவன் மூக்கு இது. உங்க வலது மணிக்கட்டுல ஒண்ணு, இடது மணிக்கட்டுல ஒண்ணு. வீட்ல யாரும் அப்படிப் பூச மாட்டாங்க. கடையில எதை வாங்கலாம்னு அடிச்சுப் பார்க்கும்போதுதான் அப்படிப் பூசுவாங்க. இங்க சென்ட் விக்கிறது சாவடிக் கோடியில இருக்கிற டியூட்டி ஃப்ரீ மட்டும்தான். அது பிரயாணிகளுக்கு. ஆபீசர்களுக்கு இல்ல. பைங்களை மேசையில விட்டுட்டு நீங்க அங்கதான் போயிருக்கீங்க."

"காவல் இல்லாத மேசை," என்றாள் எவாந்தியா. "அந்த நேரத்துலதான் பாட்டில் கை மாறிச்சு. அது வெளியில வரக்கூடாதுன்னா பாட்டிலுக்கு உடனே ஒரு சொந்தக்காரி வேணும். பயந்துபோன ஒருத்தி 'நே'ன்னா. உங்களுக்கு அது போதுமா இருந்துச்சு."

ஸ்டமாட்டிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. திருடனாவது தங்கத்துக்காகச் செய்தான். இந்த மனுஷன் ஒரு சென்ட் பாட்டிலுக்காக ஒரு குழந்தையைத் தெருவில் நிறுத்தப் பார்த்தார்.

வெளியே வண்டிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அரசு வழக்கறிஞர் காற்றில் கலைந்த தலையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கண்டிப்பான முகமுள்ள பெண்மணி. விலங்கோடு இருந்தவனையும், சிந்திய காபியையும், கதவோரம் வந்து நின்ற லியூப்காவையும் மாறி மாறிப் பார்த்தார். எவாந்தியா சுருக்கமாக எல்லாவற்றையும் சொன்னாள். வழக்கறிஞர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மேசையை விட்டுப் போனீங்களா?" என்று ஆர்கிரிஸிடம் கேட்டார்.

"ஒரு நிமிஷம்கூட நகரல மேடம். வாசனையை வச்சு யார் வேணாலும் கதை கட்டலாம். பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

வழக்கறிஞர் லியூப்காவிடம் திரும்பினார். "நீங்க வரிசையில முன்னாடி நின்னிருந்தீங்க. இவர் மேசையை விட்டுப் போனதைப் பார்த்தீங்களா? கிரேக்கத்துல கேக்கறேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ஆர்கிரிஸ் லியூப்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டலும் கெஞ்சலும் கலந்திருந்தன. மாதாமாதம் அவள் பாஸ்போர்ட்டைப் புரட்டும் கை அவருடையது. அடுத்த மாதமும் அவள் இதே மேசைக்கு முன்னால்தான் பையைத் திறந்து நிற்க வேண்டும். அது அவளுக்கும் தெரியும்.

லியூப்கா தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். நேராக ஆர்கிரிஸின் கண்ணைப் பார்த்தாள்.

"நே," என்றாள். "பார்த்தேன். கடைப் பக்கம் போனார். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தார்."

பிறகு தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவை நோக்கி நடந்தவள் அவர் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள்.

"இது ஆமாதான் சார். எழுதிக்கோங்க."